விண்வெளி வீரருக்குச் சந்தனப் பொட்டு

தபால்தலையை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வியர்வை பட்டால் பின்பக்கப் பசை கெட்டுவிடும். எங்கள் கோவில்பட்டி வெயிலில் வியர்க்காத கை யாருக்கு இருக்கிறது? அதனால் என் ஆல்பத்தை நான் யாரையும் தொட விடுவதில்லை. விண்வெளி சம்பந்தமானவற்றை மட்டும்தான் சேர்க்கிறேன். நிலாவில் நடந்தவர்கள், ராக்கெட்டுகள், செயற்கைக்கோள்கள், மேலே போன ஒரு நாய்கூட உண்டு.

என் வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டிக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் கருகிப்போய் அவரிடம்தான் வந்து சேரும். "பருத்திக்கு மழயக் காணோம், இவளுக்கு நெலாவுல என்ன சோலி?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் என்னைக் கேலி பேசுவார். ஆல்பத்தை ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை.

போன வருஷம் மாவட்டத் தபால்தலைக் கண்காட்சியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. கண்ணாடிக்குள் மாட்டிவைத்தால் அவரும் நின்று பார்ப்பார் என்று எனக்கு ஒரு நப்பாசை. நம் நாட்டிலிருந்து முதன்முதலாக விண்வெளிக்குப் போனவருக்காக வெளியிட்ட தபால்தலையை நடுப்பக்கத்தில் வைத்திருந்தேன். அழுக்கு, மடிப்பு இல்லாத அதை மதுரையில் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தேன். பரிசு கிடைத்தால் அதற்குத்தான் கிடைக்கும்.

கண்காட்சிக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை. சுத்தியல், குறடு, காயில் சுற்றும் மிஷின், பைக் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கழுவித் துடைத்துக் கடையில் வரிசையாக வைப்பார். வீட்டிலிருந்து என் பங்குக்கு அரிவாள்மனையும் மிக்சியும் போகும். நான் சுண்டல் தாளித்து எடுத்துக்கொண்டு போனபோது வரிசையில் கடைசியாக என் ஆல்பம் இருந்தது. நடுப்பக்கம் விரிந்து கிடந்தது. தபால்தலை மேலேயே சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! இனிமே இத எவன் பாப்பான்?" என்று கத்திவிட்டேன்.

அவருக்கு விளங்கவே இல்லை. "ஏட்டி, பொட்டு வச்சா கெட்டா போகும்? பிளாஸ்டிக் உறை மேல பொட்டு நிக்கல, அதான் வெளிய எடுத்து வச்சேன்" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "வருசா வருசம் அருவாமனைய வச்சுக் கும்பிடுதோம். அதா ஒன் ஆயுதம்? இதான்னு தோணிச்சு, எடுத்துட்டு வந்தேன்."

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் சுண்டலைக் கொண்டுபோய் அந்த ஆல்பத்துக்கு முன்னால் வைத்தேன்.

வேறு வாங்க நேரமில்லாததால் அந்தத் தபால்தலையையே கறையோடு வைத்தேன். நடுவர் குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். "பூசையில வச்சதுங்க" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பரிசு கிடைக்கவில்லை. வருத்தம்தான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நின்று, "இங்கன வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

"நெலாவுல எறங்குனவிய, திரும்பி எப்படி மேல கெளம்புனாவ?"

இத்தனை வருஷத்தில் என் தபால்தலைகளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. அந்தத் தபால்தலையில் இருந்த ஓடத்தின் மேல்பாதியைக் கண்ணாடி மேல் தொட்டுக் காட்டி, "இது மட்டும் பிரிஞ்சு மேல கெளம்பும்" என்றேன்.