2006-க்குப் போயிட்டு வந்த ஜெயா அக்கா

மைதாப் பசையும் அச்சு மையும் கலந்த ஒரு வாசம் இருக்கு பாருங்க... இன்னைக்கும் புது காலண்டரைப் பிரிச்சா, என் மூக்கு நேரா சிவகாசிக்குப் போய் நின்னுரும்.

2005. காலேஜ் முடிச்ச கையோட ஒரு காலண்டர் கம்பெனியில பில் போடுற வேலை எனக்கு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு முதலாளி பூசை போட்டு, பொரிகடலை குடுத்து, அடுத்த வருசத்து வேலையை ஆரம்பிச்சிருவார்.

ஊரே ஆடித் தள்ளுபடிக்கு அலையும்... நாங்க மட்டும் ஜனவரியில உக்காந்திருப்போம். எந்தப் பக்கம் திரும்பினாலும் 2006தான். மதியம் தூக்குவாளியைத் திறக்கும்போதுதான் 'அட, இன்னும் 2005 முடியலயா'ன்னு தோணும்.

அங்க தினசரி காலண்டருக்குத் தாள் அடுக்குறவங்கதான் ஜெயா அக்கா. விஸ்வநத்தத்துல இருந்து சைக்கிள்ல வருவாங்க. விரல் பட்டா தாள் பர்ர்ருனு பறக்கும். நானும் அவங்களும் ஒரே சர்ச்சு, ஒரே சபை.

முந்தின வருசம், பத்திரிகை எல்லாம் குடுத்த பிறகு அக்கா கல்யாணம் நின்னு போச்சு. மாப்பிள்ளை வேற இடம் பார்த்துக்கிட்டார். அவ்வளவுதான் விஷயம், அக்கா மேல ஒரு தப்பும் இல்ல.

எங்க சபையில மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை யார் வேணும்னாலும் எழுந்து, கர்த்தர் தனக்குச் செஞ்சதைச் சாட்சியாச் சொல்லலாம். அக்கா தவறாம எழுந்திரிப்பாங்க. "போன வருசம் இதே நேரம்..."னு ஆரம்பிப்பாங்க. அதுக்கு மேல அழுகைதான்... நாங்களும் கூடச் சேர்ந்து அழுவோம். எனக்குச் சில நேரம் கோவமே வரும். விட்டுட்டுப் போனவன் ஜம்முனு இருக்கான், இவங்க ஏன் அந்த இடத்துலயே நிக்கணும்?

அப்போதான் சாமுவேல் அண்ணன் வீட்டுல இருந்து அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தாங்க. பக்கத்து ஊரு எம். புதுப்பட்டிக்காரர். எங்க கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டுறவர், தங்கமான மனுசன். அவங்க அம்மா சொல்லிட்டாங்க... "ஞாயித்துக்கிழமை நம்ம சபையில ஒரு பதில் சொல்லிருங்க. இல்லைன்னா நாங்க வேற இடம் பாக்கணும்."

அக்கா என்கிட்ட மட்டும், "மறுபடியும் நின்னு போச்சுன்னா என்ன புள்ள செய்ய?"ன்னு கேட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை மாசக் கடைசி. பின்னால கிடக்குறதை விட்டுட்டு முன்னால பார்த்து ஓடணும்னு பாஸ்டர் தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணினார். அப்புறம் சாட்சி நேரம். அக்கா எழுந்தாங்க. நாங்க பழக்கதோசத்துல கைக்குட்டையை எடுத்துட்டோம்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த 2006ஆம் வருசம் பூராவும் என்னைய ஒரு குறையும் இல்லாம நடத்துன தேவனுக்கு..."

எடுத்த கைக்குட்டையோட நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

பின்னால இருந்து ஒரு அத்தை, "ஏ ஜெயா, இங்கன இன்னும் தீவாளியே வரலயேம்மா!"ன்னாங்க. அவ்வளவுதான்... சிரிப்புன்னா சிரிப்பு! வாரம் பூரா கையில அடுக்குன வருசம் அக்கா வாயில வந்திருச்சு. முதல்ல வாயைப் பொத்திக்கிட்டு நின்னவங்க, அப்புறம் அடக்க முடியாம அவங்களும் சிரிச்சாங்க. அவங்க பல்லு தெரியச் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

பாஸ்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்... "சிரிக்காதீக. ஜெயா அங்கன போயி பாத்துட்டு வந்துதான் சாட்சி சொல்லுது. குறையில்லாம நடத்துனாராம். வேற என்ன வேணும் நமக்கு?"

"ஆமென்"னு கூரை அதிர்ந்துச்சு.

ஆராதனை முடிஞ்சதும் அக்கா நேரா சாமுவேல் அண்ணன் அம்மாகிட்ட போனாங்க. "அத்தே, ஜனவரியில வச்சுக்கிடலாமா? அதுக்குள்ள எங்க சீசன் முடிஞ்சிரும்"னாங்க. பக்கத்துல நின்ன எனக்குச் சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு.

இப்ப நான் சென்னையில. தேதி கிழிக்கிற வேலை இல்ல, போன் பார்த்துக்குது. யாரோ எப்பவோ அனுப்புன மெசேஜை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சு மனசைக் கெடுத்துக்கிறேன்...

ஆடி முடிஞ்சா அக்காவும் சாமுவேல் அண்ணனும் அனுப்புற காலண்டர் பார்சல் வந்துரும். இந்த வருசமும் வந்துச்சு. போன் போட்டு, "என்னக்கா, அடுத்த வருசம் எப்படி இருக்கு?"ன்னு கிண்டலாக் கேட்டேன்.

"முழுசா அடுக்கிப் பாத்துட்டேன் புள்ள. ஒரு நாள் கூடக் குறையல... தைரியமா வா."