என் சட்டிக்கு நானே கொடுத்த வாடகை

திருத்தணி மலையடிவாரத்தில் வேர்க்கடலை வறுத்து விற்பவன் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வந்த ஓர் ஆடிக் கிருத்திகை. ஆர்.கே.பேட்டையில் கடலை மூட்டை பிடிக்கக் கையில் முதல் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டேன். நிலம் உள்ளவர் ஜாமீன் வேண்டும் என்றார்கள். நிலம் இருந்தால் நான் ஏன் கடலை வறுக்கிறேன்? வட்டிக்கடைக்காரரிடம் போனேன். வறுக்கும் இரும்புச் சட்டியை அடகு கேட்டார். கொடுத்துவிட்டேன்.

மூட்டை வந்து இறங்கியது. வறுக்கச் சட்டி இல்லை! ஓடிப்போய் அவரிடம் நின்றேன்.

"அதுக்கு இன்னாப்பா? காலைல எடுத்துகினு போ, ராத்திரி கொண்டாந்து வெச்சிடு. தினம் வாடகை குடுத்துடு" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.

"நம்ம சட்டிக்கு நாமே வாடகையா? வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்தீங்க?" என்று மனைவி கத்தினாள்.

திருவிழாவில் வியாபாரம் அமோகம். லாபமெல்லாம் வட்டிக்கும் வாடகைக்கும் போயிற்று. அவள் மூக்குத்தியை விற்றுத்தான் சட்டியை மீட்டேன்.

இப்போது அடிவாரக் கடைக்காரர்கள் மாதக் கிருத்திகைதோறும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முதல் இல்லாதவருக்கு வட்டியில்லாமல் கொடுக்கிறோம். அது போதாமல் யாராவது வட்டிக்கடைக்குப் போனால் நானும் கூடப் போகிறேன். "சாமானை நீங்க வெச்சிகினா, இவன் எதை வெச்சித் தொழில் பண்ணுவான்?" என்று கேட்கிறேன். நாலு பேர் முன்னால் பேச இன்னும் எனக்கு வராதுதான். ஆனாலும் கேட்காமல் வருவதில்லை.