மீன் வாங்க வந்தவள்

தயாளினிக்கு மீன் பார்த்து வாங்கவே தெரியாது. ஆனாலும் மூன்று வருடமாக யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வல்வெட்டித்துறைக்கு வந்து, மீன்காரன் ஏரம்புவிடம்தான் வாங்குகிறாள். அவள் கிளினிக் தாதி; நோயாளிகள் தாதிகளைக் கூப்பிடுவதுபோல அங்கே எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. ஏரம்புவுக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது, ஈரலைத் தின்னும் ஹெப்பரைற்றிஸ் பி-யும் இருந்தது. இரண்டையும் அடக்கி வைத்திருந்தது தினம் விழுங்கும் ஒரு குளிசை. கிளினிக் வாசலில் யாராவது கண்டுவிடுவார்கள் என்று அவன் வராமல் நின்றபோது, இவளே கொண்டுவரத் தொடங்கினாள். மீன் பைக்குள் போத்தல் கைமாறும். மனைவி வித்தியாவிடம் அதைச் சத்துக் குளிசை என்றும், இவளை மீன் வாங்க வருபவள் என்றும் சொல்லி வைத்திருந்தான். "வீட்டிலை சொல்லுங்கோ அண்ணை" என்று இவள் கெஞ்சாத மாதமில்லை. வாங்கிய மீனில் தயாளினி வீட்டுப் பூனைதான் நன்றாகக் கொழுத்தது.

போன தடவை இரண்டு மாதக் குளிசையைச் சேர்த்துக் கொடுத்திருந்ததால், இந்த முறை இரண்டு மாதம் கழித்து வந்தாள். ஏரம்பு கட்டிலில் கிடந்தான். கண் இரண்டும் மஞ்சள், வயிறு ஊதியிருந்தது.

"ஒண்டரை மாதத்துக்கு முந்திக் காய்ச்சலோடை கண் மஞ்சளாப் போச்சு, தங்கச்சி," என்றாள் வித்தியா. "கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுக்கிறன். உப்பில்லை, எண்ணெய் இல்லை. அந்தச் சத்துக் குளிசையையும் அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டன்."

தயாளினிக்கு விளங்கிவிட்டது. முதல் வந்த மஞ்சள் எதனாலோ, குளிசை நின்றதும் அடங்கிக் கிடந்த ஹெப்பரைற்றிஸ் கிருமி ஈரலில் வெறியோடு எழும்பிவிட்டது. மஞ்சட்காமாலை என்றால் இங்கிலீஷ் மருந்தை நிறுத்துவதுதான் இங்கே முதல் பத்தியம். வித்தியாவைக் குற்றம் சொல்லி என்ன? நிறுத்தாதே என்றால் ஏன் என்று கேட்பாளே என்று வாயைப் பொத்திக்கொண்டு கிடந்திருக்கிறான் ஏரம்பு, பாவி. சத்துக் குளிசை என்ற பொய்க்குத் தானும் உடந்தை என்பது தயாளினிக்குச் சுட்டது.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

"பத்தியம் முறிஞ்சா ஆள் தப்பாது." வித்தியா கட்டிலை மறித்து நின்றாள். "மீன் வாங்க வந்தனீர், வாங்கிக்கொண்டு போம்."

நோயாளியின் ரகசியத்தைச் சொல்லத் தயாளினிக்கு உரிமையில்லை. சொல்லாவிட்டால் ஆளே போய்விடும். வித்தியாவைத் தாண்டி ஏரம்புவின் பக்கம் குனிந்து, "நான் சொல்லமாட்டன் அண்ணை. நீங்கள் சொல்லாட்டி உங்களைக் காப்பாத்த ஏலாது," என்றாள்.

 ஏரம்பு மனைவியைக் கிட்டக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னான்.

வித்தியா அழவில்லை. விறுக்கென்று உள்ளே போனாள். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. 

திரும்பி வந்தபோது வித்தியா வேறு சேலை உடுத்தியிருந்தாள். கையில் குளிசைப் போத்தல்.

"ஓட்டோவைக் கூப்பிடுங்கோ," என்றாள். "எனக்கும் ரத்தம் பாக்கோணும்தானே, மிஸ்ஸி?"