கண்ணளவில் ஒரு போர்வை

எதையும் கண்ணாலேயே அளந்துவிடுவேன் என்று சொல்லித் திரிந்ததால், சோபா உறை தைக்கும் பட்டறையில் அவளுக்குக் கண்ணளவுக்காரி என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தாள். அங்கே எந்த உறையையும் அளவு அட்டை வைத்து வரைந்துதான் வெட்ட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அவளும் வெட்டினாள், வயிற்றுப்பாடு. ஆனால் அட்டையைத் தொடும்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பாள்.

"அட்டை சொல்றபடி வெட்டறதுக்குக் கை போதுமே, தலை எதுக்கு?" என்று பக்கத்து மிஷின்காரியைக் கேட்பாள். அந்தப் பாவப்பட்டவள் மிஷினை இன்னும் வேகமாக ஓட்டுவாள். வாயைத் திறந்தால் பொழுது சாயும்வரை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இவள் வாயில் அகப்பட்டவர் தச்சர், அதாவது அவளுடைய கணவர். ஒன்றுக்கு இரண்டு தடவை அளக்காமல் ரம்பத்தைத் தொட மாட்டார். சட்டைப்பையில் இரும்பு டேப் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். "சோத்துக்கு உட்காரும்போதும் தட்டை அளந்துட்டுத்தான் உட்காருவீங்களா?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அந்தச் சிரிப்பும் அவளுக்கு எரிச்சல்தான்.

மகளுக்கு எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் வேலை கிடைத்தது. போர்வை தைத்துத் தருகிறேன் என்றாள் இவள். மகள் துணி அடுக்கிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "உனக்கு எதுக்கும்மா கஷ்டம்? அங்கேயே ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றாள்.

சுருக்கென்றது. கொஞ்ச காலமாகவே அம்மா தைத்ததை மகள் உடுத்துவதில்லை; எல்லாம் கடையில் வாங்கியதுதான். நம் தையல் இவளுக்கு இளப்பமாகப் போய்விட்டது என்று இவளும் முடிவு கட்டியிருந்தாள். இந்தப் போர்வையாவது அந்தப் பெட்டியில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அம்மா கைத்தையல் ஒரு இழைகூட இல்லாமல் பெண் வீட்டைவிட்டுப் போவாள். அதை நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை. அது வெளியே தெரியாமலிருக்க எல்லோரையும் திட்டினாள்.

ஓர்ப்படி, அதாவது தச்சரின் தம்பி மனைவி, கைபேசியில் ஒரு போர்வைப் படம் அனுப்பினாள். "அக்கா, இதுல கட்டம் போட்டு அளவெல்லாம் குடுத்திருக்காங்க, பாருங்க."

"கட்டம் போட்டுத் தைக்க நான் என்ன கணக்கு வாத்தியாரா?" என்று அந்தப் பேச்சை அத்தோடு முடித்தாள்.

பட்டறையில் மிஞ்சிய துண்டுகளைக் கொட்டினாள். நடுவில் ஒரு நீலத்துண்டு. அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தைத்துக்கொண்டே போனாள். ஒரு பக்கம் கோணினால் அடுத்த பட்டையை அகலமாக வைத்துச் சரிக்கட்டினாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வசவு. "இந்தக் காப்பிப்பொடி நிறம் வக்கீல் வீட்டு சோபா. மூஞ்சியும் அதே நிறம். இந்தப் பூப்போட்டது பல் டாக்டர் வீடு. பூனை கீறினதுக்கு என் தையலைக் குறை சொன்ன மகராசி." ஆனால் வக்கீலுக்குப் பக்கத்தில் பல் டாக்டர் உட்கார்ந்ததும் இரண்டுக்கும் தனிக் களை வந்துவிட்டது. நிறம் சேர்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நீளம் பார்க்கத் தரையில் விரித்துத் தானே அதன்மேல் படுத்தாள். கழுத்திலிருந்து கால்வரை, அதற்குமேல் நாலு விரல். மகள் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்லும்போது தனியாக வேறு அளக்க வேண்டுமா? தச்சர் மெல்ல டேப்பை எடுத்தார். "அதை உங்க மேஜை நாற்காலியோட வெச்சுக்குங்க. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். பஞ்சைப் பரப்பி, அடித்துணி கொடுத்து, ஓரம் மடித்து முடித்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை மகள் போர்வையைப் பார்த்தாள். "அம்மா! எவ்வளவு அழகா இருக்கு!" கண்ணளவுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. மகள் கட்டிலில் படுத்துக் கழுத்துவரை இழுத்தாள். இரண்டு பாதங்களும் வெளியே நின்றன. பாதத்தை மூடினால் தோள் வெளியே வந்தது.

"பரவாயில்லம்மா, சுருட்டிக்கிட்டுதானே தூங்குவேன்" என்று முழங்காலை மடக்கிக்கொண்டாள்.

"பஞ்சு சுருங்கிடுச்சு. திருட்டுப்பயல், மட்டமான பஞ்சைத் தலையில கட்டிட்டான்!"

தச்சர் கட்டிலின் கால்மாட்டைத் தடவினார். "நான் கட்டிலையே நீட்டினேனே. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. போன வருஷம் அவர் புதுப்பலகை இணைத்தபோது, "ஒட்டகச்சிவிங்கியா வந்து படுக்கப் போகுது?" என்று கேட்டவளே இவள்தான். தினமும் அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றுபவளும் இவள்தான். மகளை அண்ணாந்து பார்த்துத்தான் இத்தனை நாளும் திட்டினாள். திட்டுகிற மும்முரத்தில் அண்ணாந்தது உறைக்கவில்லை.

"அப்போ நான் தைச்ச டிரஸ்ஸெல்லாம்..."

"கணுக்காலுக்கு மேல நின்னுச்சும்மா. சொன்னா, துணி சுருங்கிடுச்சுன்னு கடைக்காரனைத் திட்டுவே."

வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் முகத்தையும் பார்க்காமல் ஓரத்தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். மகள் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்த காலணிகளை எடுத்து வெளியே போட்டு, போர்வை கொள்ளும் அளவுக்கு இடம் செய்தாள்.

"நேரா படுடி. காலை மடக்காதே."

மகள் திரும்பி வந்து படுத்தாள். தச்சர் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை டேப்பை இழுத்து அளவைச் சொன்னார். கண்ணளவுக்காரி டேப் முடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை அளங்க" என்றாள்.