மருமகன் என்று நான் வாசித்த பெயர்

என் மகன் மணந்த பெண்ணின் தாயார் அயர்லாந்து வழிவந்தவர். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியே வாழ்கிறார். கணவரும் உடன்பிறந்தாரும் மறைந்துவிட்டனர். தந்தைவழி இரத்தத்தில் உயிரோடிருக்கும் ஒருவரையேனும் கண்டுவிட வேண்டும் என்ற ஒரு விருப்பமே அவருக்கு எஞ்சியிருந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில், நிலப்பத்திரங்களைப் பதியும் அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். அதையறிந்தே சம்பந்தியம்மா என்னை நாடினார். அவருடைய பாட்டனார் பிறந்தது அயர்லாந்தில் பதினொரு வீடுகளே கொண்ட ஒரு சிறு குறிச்சி. அதன் பழைய நில மதிப்பீட்டு ஏட்டின் படிகளை மகன் அச்செடுத்துத் தந்தான். ஒவ்வொரு வரியிலும் குடியிருப்பவர் பெயர், அவருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர், நிலத்தின் அளவு. ஆள் மாறும்போது பழைய பெயரை வெட்டி, மேலே வேறு நிற மையில் புதுப்பெயர் எழுதியிருந்தார்கள். மூன்று வாரம் உருப்பெருக்கியோடு குனிந்திருந்தேன். கழுத்து நொந்தது. எனினும் ஓய்வுபெற்ற பின் ஒருவர் என்னை நம்பி ஒப்படைத்த முதல் வேலை அது; கைவிட மனம் வரவில்லை.

ஏழாம் வீட்டில் அவர்களுடைய குடும்பப்பெயர் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது. மேலே ஏறிய பெயர் இன்றுவரை மாறவில்லை. எனக்கு ஐயமே எழவில்லை. எங்கள் ஊரில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மருமகன் வந்து குடியேறுவான். ஏட்டில் பெயர் மாறும். நான் பதிந்த காணி உறுதிப் பத்திரங்களுள் பெரும்பாலானவை அத்தகையன. பாட்டனாருக்கு ஒரு தமக்கை இருந்ததாகச் சம்பந்தியம்மா முன்பே சொல்லியிருந்தார். அந்தத் தமக்கையை அப்புதுப்பெயரோடு கோடிட்டு இணைத்து வம்சாவளியை வரைந்து கொடுத்தேன். அதே தாள்கட்டுக்குள் அவ்வீட்டின் பழைய குடிசனக் கணக்கெடுப்புத் தாளும் கிடந்தது. அதை நான் பிரித்தும் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா ஏழாம் வீட்டின் இன்றைய உரிமையாளருக்கு, "அன்பான உறவினருக்கு" என்று தொடங்கிக் கடிதம் எழுதினார். மறுமொழிக்குக் காத்திராமல் விமானப் பயணத்துக்கும் பதிவு செய்துவிட்டார்.

ஒரு மாதத்தின் பின் மறுமொழி வந்தது. அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்க வாசித்தார். முன்னிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டபின், மலைக்கு அப்பாலிருந்து மனைவி மக்களோடு வந்த இன்றைய உரிமையாளரின் பூட்டனார் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் சட்டப்படி விலைக்கு வாங்கினார். ஆவணங்கள் யாவும் பத்திரமாக உள்ளன. இரு குடும்பங்களுக்கும் உறவு எதுவுமில்லை. அவ்வளவே.

நான் அப்போதுதான் குடிசனத் தாளைப் பிரித்தேன். ஏழாம் வீட்டுக்குப் புதிதாக வந்த கணவன், மனைவி இருவருமே வேறு மாவட்டத்தில் பிறந்தவர்கள் என்று முதல் வரியிலேயே இருந்தது.

என் மனைவி தமிழில் தொடங்கினாள். "உங்கட கந்தோர் மூளை! உலகத்தில எல்லா மாப்பிள்ளையும் சீதன வீட்டிலதான் வந்து குந்துவான் எண்டு நினைச்சியளோ? அந்த ஒரு தாளைப் பார்க்க ஏலாமல் போச்சே?"

"என்ன சொல்கிறார்?" என்று சம்பந்தியம்மா ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிழை என்னுடையது என்கிறாள்."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

மனைவி சிரித்துவிட்டாள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

"கன்றுக்குட்டியைத் திருட வந்தவளைப் போல அல்லவா எனக்கு எழுதியிருக்கிறார்," என்றார்.

நான் கடிதத்தை வாங்கி மீண்டும் படித்தேன். உறவில்லை என்று சொல்ல ஒரு வரி போதும். ஆவணங்களைப் பற்றியே நான்கு வரிகள் இருந்தன. குறையற்ற உறுதி வைத்திருப்பவர்களும், யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் புரட்டுகிறார் என்று கேள்விப்பட்டால், முகம் வெளிறிக் கந்தோர் வாசலில் நிற்பார்கள். அத்தகையோரை நான் நிரம்பக் கண்டிருக்கிறேன்.

"இதில் வெறுப்பில்லை, பயம்தான் இருக்கிறது. நீங்கள் நிலம் கேட்டு வருகிறீர்கள் என்று எண்ணிவிட்டார்," என்றேன்.

"அந்தச் சேற்று நிலத்தை வைத்து நான் என்ன செய்வது? சரி, அப்படியென்றால் அவருக்கு எழுதிக் கொடுங்கள். பார்த்துவிட்டு வருவதற்காவது விடட்டும்."

எழுதினேன். உறவென்று கருதியது தம் தவறு. ஏழாம் வீட்டின் மீதோ நிலத்தின் மீதோ தமக்கு எவ்வித உரிமையும் இல்லை, இனியும் கோரமாட்டார். ஒரு முற்பகல் வந்து பார்க்க மட்டும் இசைவு வேண்டுகிறார். இத்தகைய வாசகங்கள் எனக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்காக எழுதியவைதாம். எனினும் அன்று எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்தது.

சம்பந்தியம்மா இருமுறை படித்தார்.

"எனக்கு அங்கே யாருமில்லை என்று நானே ஒப்பமிட வேண்டுமா?"

"நிலம் இல்லை என்று மட்டுமே எழுதியிருக்கிறேன்."

"இரண்டும் ஒன்றுதானே."

நான் பேனாவை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி, திருமணத்துக்கு முந்திய தம் குடும்பப்பெயரில் ஒப்பமிட்டார். பின்னர் மேலங்கியை மாட்டிக்கொண்டே, "நீங்களே தபாலில் போட்டுவிடுங்கள். எனக்கு மனமில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சற்பெட்டி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. வெளியே மழை விடும்வரை அமர்ந்திருந்து, பின் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.