ஜப்பான் அண்ணை எவடம்?

போன சனிக்கிழமை என் மகன் சோபாவில் கிடந்தபடி போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் நண்பர்களும் வசந்தத்தில் ஜப்பானுக்குப் போகப்போகிறார்கள். யூனியன்வில்லில் பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தைக் காட்ட நானும் வருசக்கணக்காகத் தெண்டிக்கிறேன், ஆள் அசையவில்லை. ஜப்பான் என்றதும் புதுச் சப்பாத்துக்கூட வாங்கிவிட்டான்.

திடீரென்று எழும்பி இருந்து சிரித்தான். "அப்பா, லிசின். ஜப்பானுக்கு மட்டும்தான் நாலு சீசன் இருக்காம், இந்த ஆள் சொல்லுறார். லைக், ஹலோ? அப்ப எங்களுக்கு என்ன இருக்கு?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன், மூடினேன், கராஜைப் பார்த்து வந்தேன், மறுபடியும் பெட்டியைத் திறந்தேன்.

"என்ன, முட்டையிட இடம் தேடுற கோழி மாதிரித் திரியிறியள்?" என்றாள் மனைவி. வாய்வு என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நாலு பருவம் என்ற சொல் காதில் விழுந்தவுடன், சூடான சோற்றில் வினாகிரி ஊற்றும்போது எழும்புகிற அந்த வாசனை மூக்கில் ஏறியதை அவளுக்கு எப்படி விளக்குவது? கண்ணைக் கரிக்கும், கொஞ்சம் இனிக்கும். உங்களுக்காவது சொல்கிறேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்த புதுசில், வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்தேன். பிளாசாவின் மூலையில், சலவைக்கடைக்குப் பக்கத்தில். முதலாளி ஞானம் அண்ணை நம்மவர். பச்சை மீனைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும், மத்தியானம் வீட்டிலிருந்து புட்டு வரும். சோறு ஆக்குகிறவர் சிவம் அண்ணை, ஊரில் தமிழ் வாத்தியார். கோப்பை கழுவ நான். மொத்தக் கடையிலும் ஜப்பான்காரர் ஒரேயொருத்தர்தான். மீன் வெட்டுகிற கினோஷிட்டா. நாங்கள் ஜப்பான் அண்ணை என்போம். கடைக்கு முகம் அவர்தான் என்று ஞானம் அண்ணை அவரை முன்மேசையில் நிறுத்தி, தலைக்கு மேலே தனியாக ஒரு லைட்டும் போட்டிருந்தார், மூலஸ்தானத்துக்குப் போடுகிற மாதிரி.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சிவம் அண்ணை என் ஊரை விசாரித்தார்: "தம்பி எவடம்?"

"இப்போதைக்குக் கோப்பை கழுவுற தொட்டியடி, அண்ணை."

சிரித்தார். நான் தப்பினேன். தப்பினேன் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பான் அண்ணைக்குத் தன் நாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கத்தி தானாக வேகம் எடுக்கும். அவர் பேசியது வினைச்சொல் இல்லாத ஆங்கிலம். எங்களுடையதும் அதே ரகம் என்பதால் நன்றாக விளங்கியது. ஜப்பான் அரிசி வேறு. ஜப்பான்காரனுடைய குடல் வேறு, கை வேறு, மௌனம்கூட வேறு. ஜப்பானுக்கு நாலு பருவம்.

நாலு பருவம் என்றதும் அரிசி கழுவிக்கொண்டிருந்த சிவம் அண்ணைக்கு ரோசம் வந்துவிட்டது. "நாலு பருவமோ? எங்களுக்கு ஆறு ஐசே! சங்ககாலத்திலையே ஆறு!" ஈரக்கையை மடக்கி மடக்கி எண்ணினார்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நான் மொழிபெயர்த்தேன். ஜப்பான் அண்ணை கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆறு கூடிப்போச்சு" என்றார்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் முழங்காலளவு பனி. அதைக் காட்டி, இது பனியே இல்லை, ஜப்பான் பனி வேறு என்றார்.

"அப்ப உதென்ன, தேங்காய்ப்பூவோ எண்டு கேள் தம்பி!"

இடைவேளையில் ஜப்பான் அண்ணை புத்தகம் வாசிப்பார். எல்லாம் ஒரே விஷயம்தானாம்: ஜப்பானியர் என்பவர் யார், உலகத்தில் வேறு யாரும் ஏன் அவர்களைப் போல இல்லை. ஜப்பானில் புத்தகக்கடைக்குப் போனால் இதற்கென்றே தனித் தட்டு இருக்குமாம். சிவம் அண்ணைக்கு இது புதினமாகவே படவில்லை. "எங்களிட்டையும் ஒரு தட்டு இருக்கு. அதிலை ஜப்பான் பாசையே தமிழிலையிருந்து வந்தது எண்டு கிடக்கு. உவருக்குச் சொல்லு." சொன்னேன். அன்றைக்கு ஜப்பான் அண்ணை என்னோடு பேசவில்லை.

ஆனாலும் என்னைத் தொட்டியடியிலிருந்து மீட்டு, முன்மேசைக்குக் கூப்பிட்டு, சோறு விசிறவும் வெள்ளரிக்காய் சீவவும் விட்டவர் அவர்தான். வெள்ளைச் சட்டை, டிப்ஸில் பங்கு, அடுத்த வருசம் மீன் கத்தி. ஊருக்குக் கடிதம் எழுதும்போது எனக்கே பெருமிதம் தாங்கவில்லை.

ஒருநாள் ஞானம் அண்ணை ஓடிவந்தார். பக்கத்து ஆபீஸ் ஒன்றுக்கு ஜப்பானிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருக்கிறார்கள், நாளைக்கு மத்தியானம் இங்கேதான் சாப்பாடு. "ஒறிஜினல் ஜப்பான்காரர்! பிடிச்சுதெண்டால் கிழமைக்குக் கிழமை வருவாங்கள்!"

இரவு முழுக்கக் கண்ணாடி முன்னால் ஜப்பான் முறை வணக்கத்தைக் குனிந்து குனிந்து பழகினேன். காலையில் பழக்கதோஷத்தில் சோயா சோஸ் கொண்டுவந்த லொறிக்காரனுக்குக் குனிந்தேன். அவனுக்கு முதுகுப்பிடிப்பு என்று பட்டிருக்க வேண்டும், நாரியில் பூசுகிற தைலம் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்து பேர் வந்தார்கள். முன்மேசையில் வரிசையாக இருந்தார்கள். ஜப்பான் அண்ணை அன்றைக்கு வெட்டியதைப்போல நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. வாயில் வைத்தவர்கள் ருசியில் முனகினார்கள். நரைத்த தலைக்காரர் ஒருத்தர் அவரோடு பேச்சுக் கொடுத்தார். ஏதோ கேட்டார், ஜப்பான் அண்ணை "ஒசாக்கா" என்றார். எல்லோருக்கும் சந்தோசம். பிறகு நரைத்தவர் தலையை ஒருபக்கம் சரித்து, இதமாகச் சிரித்து, இன்னொன்று கேட்டார். ஜப்பான் அண்ணையின் கத்தி கொஞ்சம் நின்றது.

எனக்கு மொழி விளங்கவில்லை. கேள்வி விளங்கியது.

அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் அந்தத் தலைச்சரிவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! "தம்பி எவடம்?" ஊரைச் சொன்னால், "அங்கை எவடம்?" அதையும் சொன்னால், "கோயிலடியோ, றோட்டுக்கு அங்காலையோ?" மூன்றாவது பதிலில் உங்கள் பாட்டன் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளலாம், எதில் அள்ளக்கூடாது என்பது வரைக்கும் தெரிந்துவிடும். நாங்கள் றோட்டுக்கு அங்காலை. அதனால் மூன்றாவது கேள்வி வருமுன் ஒரு பகிடி விட்டுவிடுவேன். பகிடிக்காரன் என்று என்னை எல்லோரும் சொல்கிறார்கள். குணமில்லை ஐயா அது, ஓட்டம்.

ஜப்பான் அண்ணைக்கு ஓடத் தெரியவில்லை. பதில் சொன்னார். நரைத்தவர் நீளமாக "ஆ…" என்றார். மற்றவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். அதன்பிறகு மரியாதைக்குக் குறைவில்லை. நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகக் குனிந்தார்கள், போய்விட்டார்கள். பதில் விளங்காத நான், என் வெள்ளரிக்காயில்தான் பிழையோ என்று மிச்சம் கிடந்த துண்டுகளை வாயில் போட்டுப் பார்த்தேன்.

இடைவேளையில் பின்கதவடியில் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு இருந்தோம். கேட்காமலே சொன்னார். அப்பா, அம்மா கொரியாவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது, படித்தது, மீன் வெட்டப் பழகியது எல்லாம் ஒசாக்காவில், கொரியர்கள் நெருக்கமாக இருக்கிற பகுதியில். ஆள் யாரென்று தெரிய, பகுதியின் பெயர் ஒன்றே போதுமாம். வீட்டுக்குள் ஒரு பெயர், வெளியே கினோஷிட்டா. பள்ளிக்கூடம் போகிற வயதில் பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவர் என்று கைரேகை வைத்தவர். எந்த விரல் என்றும் காட்டினார். சோற்றின்மேல் மீனை வைத்து அழுத்துகிற அதே விரல். நானும் இங்கே வந்திறங்கிய அன்று கைரேகை வைத்தவன்தான். என் விரலையும் காட்டினேன்.

"அந்தப் புத்தகங்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாம் வாசிச்சன். ஒரு புத்தகத்திலும் நான் இல்லை." லைட் போட்ட மேசை இருந்த பக்கத்தைக் கையால் காட்டினார். "இங்கதான் நான் ஜப்பான்காரன்."

அவர்கள் பிறகு வரவில்லை. மூன்றாம் கிழமை ஞானம் அண்ணை என்னைப் பிடித்தார். ரகசியத்தைச் சுமந்து சுமந்து எனக்கு அதற்குள் வயிற்றுப்போக்கே வந்திருந்தது. ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட வாய்க்குள் எதையும் வைத்திருக்க முடியாத பிறவி நான்.

"நீ பக்கத்திலை நிண்டனிதானே. ஏன் அவங்கள் வரேல்லை? எனக்கு ஒரு ஐமிச்சம். உவர் உண்மையா ஜப்பான்காரன்தானோ? இல்லையெண்டால் உவருக்குக் குடுக்கிற சம்பளத்துக்கு நான் வேறை ஒரு ஒறிஜினலைப் பிடிக்கலாம்."

வாயைத் திறந்தேன். உண்மைதான் வரப்போகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. வந்தது வேறு.

"அண்ணை, அது என்னாலை. ஜப்பான் சோத்தை ஒரு கறுவல் விசிறிறதோ எண்டு பாத்தவங்கள். அவர் நூறு வீதம் ஒறிஜினல். அவங்களையே அதட்டிக் கதைச்சவர்."

தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பதற்றத்தில் நாக்கு கையில் அகப்பட்டதை எறிந்தது, அவ்வளவுதான். ஞானம் அண்ணை நம்பிவிட்டார். அவ்வளவு லேசாக நம்பியதுதான் கொஞ்சம் வலித்தது. அடுத்த நாள் வெள்ளைச் சட்டை போய், நான் மறுபடியும் தொட்டியடியில்.

"என்ன தம்பி, திரும்பவும் ஊருக்கு வந்திட்டாய்?" என்றார் சிவம் அண்ணை.

முன்னாலிருந்து ஜப்பான் அண்ணையின் குரல் கேட்டது. யாரோ வெள்ளைக்காரத் தம்பதிக்கு நாலு பருவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். "ஆறு! ஆறு!" என்று சிவம் அண்ணை பானைக்கு மேலாகக் கத்தினார். என்னிடம் எவடம் என்று ஒருநாளும் கேட்காத ஒரே ஆள் அந்தக் கடையில் ஜப்பான் அண்ணைதான் என்பது, கோப்பைகளுக்கு நடுவில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

கடை இப்போது இல்லை. ஞானம் அண்ணை விற்றுவிட்டார். ஜப்பான் அண்ணை வான்கூவர் பக்கம் போனதாகக் கேள்வி. சிவம் அண்ணை ஆறு பருவத்தையும் கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு ரொறன்ரோவில் எங்கள் பெடியங்கள் சுசி உருட்டாத தெரு இல்லை. முன்னால் ஒரு முகத்தை நிறுத்தி லைட் போடவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனுக்குச் சூட்கேஸ் வாங்க அந்தப் பிளாசாப் பக்கமாகப் போனோம். கடை இருந்த இடத்தில் பல் வைத்தியம். முன்மேசை இருந்த இடத்தில் அந்தச் சாய்கிற நாற்காலி, மேலே லைட். சிவப்பு சிக்னலில் கார் நின்றது.

"இதிலைதான் நான் வேலை செய்தனான். ஒரு ஜப்பான்காரரோடை."

"ரியல் ஜப்பனீஸ்?"

"ஓம். நூறு வீதம்."

"கூல். ஜப்பான்ல எவடம்?"

வேறொன்றுமில்லை, போகிற இடத்தில் அந்த ஊரையும் பார்க்கலாமே என்று கேட்கிறான். தலை சரியவில்லை, சிரிப்பில் இனிப்பு இல்லை. அப்படி ஒரு கேள்வி இருந்ததே அவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் அது பழைய கேள்வியாகவே கேட்டது. ஒரு பகிடி தேடினேன், அகப்படவில்லை.

"நான் கேக்கேல்லையடா," என்றேன்.