பதினாலாம் கட்டில்

கோவைக்காரர்களிடம் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. மருத்துவக் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழிகள் மூவரும் இரண்டு வருஷம் கழித்தும் என்னை "சாப்டீங்களா" என்றுதான் விசாரித்தார்கள். உரிமையோடு சண்டை போடக்கூட ஒருத்தி சிக்கவில்லை. சனிக்கிழமை மதியமானால் காரமடைக்கும் அவிநாசிக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். என் ஊரோ திருநெல்வேலிக்கும் தெற்கே. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் தட்டோடு தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்காது. எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

மூன்றாம் வருஷம் எங்களை வார்டுக்கு அனுப்பினார்கள். பெண்கள் வார்டின் பதினாலாம் கட்டிலில் பஞ்சாலையில் வேலை பார்த்த ஓர் அம்மா இருந்தார். இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் தூரத்தில் வண்டி உருள்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். எங்கள் பாஷையில் அது 'நல்ல கேஸ்'. நோய் முற்ற முற்றக் கேஸ் நல்லதாகிவிடும், அப்படியொரு படிப்பு. மாணவர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அந்த அம்மா இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முந்தானையை விலக்கி, மூச்சை அடக்கிக்கொள்வார். அப்படிப் பழக்கிவைத்திருந்தோம்.

காலையில் நாங்கள் கேள்வி கேட்கும்போது அவர் என்னைக் 'கண்ணு' என்பார். அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் சொல்வதுதான். ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். வாட்ச்மேன் தடுக்காமல் இருக்கக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்பும் மாட்டியிருந்தேன். பார்வையாளர் நேரம். ஒவ்வொரு கட்டிலிலும் உறவுக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினாலில் மட்டும் யாரும் இல்லை. என்னைக் கண்டதும் அவர் ஒருக்களித்துவிட்டார்.

"கேட்டுக்கோங்க அம்மணி."

"கேக்க வரலம்மா. சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"சும்மா ஆரு கண்ணு வருவாங்க? என்ற பையனே வந்து ரொம்ப நாளாச்சுங்க. கூச்சப்படாமக் கேளுங்க."

மூச்சை அடக்கிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போனால் மறுபடியும் அந்த மெஸ்தான். மறைப்புத் திரையை இழுத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினேன். வைத்த உடனே சத்தம் கேட்டது.

"கேக்குதுங்களா?"

"இன்னும் கேக்கலம்மா," என்றேன். "நீங்க மூச்ச விடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மூச்சை விட்டார். தலையைத் திருப்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலைக் கையால் இழுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப உக்காருங்க கண்ணு. மெதுவாக் கேக்கட்டும்."